மரியாதை விகுதி

ஒன்பது பத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் அறை. குளிரூட்டி எப்போதும் பதினெட்டில்.
என் சால்வையை நாற்காலியிலேயே விட்டுவைத்திருக்கிறேன்,
யாருக்காவது ஆகும் என்று.

இளஞ்சியம். முப்பத்தொன்று. மன்னார்குடிப் பக்கம்.
ஈசூனில் பதினோராம் மாடி.
கணவர் பெயரைச் சொல்லவில்லை,
விண்ணப்பத்தில் விரலால் தொட்டுக் காட்டினாள்.

என் வேலை சுலபம்.
சொன்னதைச் சொல்ல வேண்டும்,
சொல்லாததைச் சொல்லக் கூடாது.
பதினாறு வருடமாய் இரண்டாவதுதான் கடினம்.

"அவரு கை நீட்டுவாரு."
பிச்சைக்கும் கை நீட்டுவோம்,
பஸ்ஸை நிறுத்தவும்.
நான் ஒன்றைத் தேர்ந்தேன்.
ஆங்கிலத்தில் அது ஒரே அசை.
அதிகாரி ஹுய் லிங்குக்கு அதைத் தட்ட
ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எப்போது அடிப்பார்?"
"சோறு குழைஞ்சா. குழையாட்டியும்."
"தேதி வேண்டும்."
அவளிடம் தேதி இல்லை.
மூத்தவனுக்கு அம்மை போட்ட வாரம் இருந்தது.
லிஃப்ட் பழுதான நாள் இருந்தது,
பதினோரு மாடி இறங்கியதைக் கால் மறக்கவில்லை.
தீபாவளிக்கு முந்தின ராத்திரி இருந்தது.
மூவருமாய் நாட்காட்டி பார்த்து
அவற்றைத் தேதிகளாக்கினோம்.

வேலை?
"ராத்திரி பன்னண்டுக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப
சோறு சூடா இருக்கணும்க்கா.
அது வேலையில சேருமா?"
மொழிபெயர்த்தேன்.
கட்டம் சிறியது. இல்லை என்று விழுந்தது.
ஹுய் லிங் கெட்டவள் அல்ல.
டிஷ்யூ பெட்டியை முதலில் நகர்த்தியவள் அவள்தான்.

வீடு அவர் பேரில்.
அனுமதி அட்டை அவர் ஆதரவில்.
சிம் அவர் பேரில்.
தப்பி ஏறிய பஸ்ஸுக்குத் தட்டிய அட்டையில்
அவர் நிரப்பிய ஏழு வெள்ளிச் சொச்சம்.

"தனியா ஒரு வீவக வீடு கேட்க முடியாதா?"
அதற்கு ஒரு குடும்பக் கரு வேண்டும் என்று
கழகத்தின் சொல்லை அப்படியே தமிழில் வைத்தேன்.
வைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
போன ஆவணியில் கலைந்ததை
முந்தின பக்கத்தில்தான் நானே சொல்லியிருந்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை.

இடுப்பில் உதைத்தாலும்
அவர் உதைத்தாரு.
தமிழில் ஒவ்வொரு வினையும்
அவரைக் கண்டதும் எழுந்து நிற்கிறது.
ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லை,
ஊரிலுள்ள எல்லா ஆணுக்கும் போல
அவருக்கும் இரண்டே எழுத்து.
அவள் சொன்னதைவிட
என் ஆங்கிலம் துணிச்சலாய் இருந்தது.
அது பிழையா என்று
இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

தோ பாயோவில் என் பக்கத்து வீட்டிலும்
சனிக்கிழமைகளில் ஒரு குரல்.
எனக்குச் சீனம் தெரியாது.
தெரிய வேண்டியதும் இல்லை.
ஒரு தடவை கதவுவரை போனேன்,
திரும்பி வந்து செய்தியின் சத்தத்தைக் கூட்டினேன்.
பிறப்பு விகிதம் குறைவதைப் பற்றிக்
கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆணை வந்தது. படிக்கச் சொன்னாள்.
"எதிர்மனுதாரர் மனுதாரர்மீது
குடும்ப வன்முறையில் ஈடுபடக் கூடாது."
"இதுலயும் அவருக்கு மரியாதையா?"
சட்டத் தமிழ் அப்படித்தான், என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"அவன்னு படிங்க. ஒரே ஒரு தடவ."

கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.
ஓர் எழுத்தை மாற்றினேன்.

அவள் சிரிக்கவில்லை.
தாளை நாலாய் மடித்து
பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள்.
அனுமதி அட்டை நவம்பர் ஒன்பதில் முடிகிறது.
புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்.
விதிவிலக்கு கேட்டு எழுதலாம், என்றாள் ஹுய் லிங்,
ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்வார்கள்.

அதையும் சொன்னேன்.
இளஞ்சியம் என் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டு,
"தேதி கேட்டீங்களே.
இந்த ஒன்பதாம் தேதியை
எந்தக் கட்டத்துல எழுதணும்?"