இருபத்து மூன்றாம் சுற்று

பனி வாரும் வண்டி ஓட்டிச் சேர்த்த கூடுதல் நேரக் காசில்
டுபியூக்கில் ஒரு கராஜ் விற்பனையில் வாங்கினேன்
ஷூ பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகள்.
விற்றவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.
"எலி தின்றது போக மிச்சம்" என்றாள்.

மூலை மழுங்கியவை,
ரப்பர் வளையம் இடுப்பை இறுக்கிய தழும்போடு சில.
ஒன்றின் முதுகில் சூயிங்கம் கிடந்த நீள்சதுரக் கறை.
கறைக்குள் பொடி எழுத்தில்
லைல் டோம்ப்ரெக், கேட்சர்.
மேல்மட்டத்தில் ஆடியது பதினான்கு ஆட்டம்.
குளிர்காலத்தில் முயல் வளர்ப்பாராம்.

விலைப்பட்டியலில் இவர் பெயரே இல்லை.
விலையுள்ளவர்களைத் தேட
வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரவு பழைய டிராஃப்ட் பட்டியலில் விரல் வைத்து இறங்கினேன்.
அறுபத்தொன்பது, ஜூன்.
இருபத்திரண்டாம் சுற்றில் டோம்ப்ரெக்.
அடுத்த சுற்றில் அதே அணி, அதே பள்ளி:
ராய்ஸ் ஹேபெக், இடக்கைப் பந்துவீச்சாளர்.
எதிரே ஒரே ஒரு சொல்
'கையெழுத்திடவில்லை'.

அப்படியானால் ஒருவன் எறிய
மற்றவன் பிடித்திருக்கிறான், எத்தனை சாயங்காலம்.
பிடித்தவனுக்கு அட்டை உண்டு.
ஆல்பத்தில் டோம்ப்ரெக்குக்குப் பக்கத்து உறையைக்
காலியாக விட்டேன்.
பக்கம் புரட்டும்போதெல்லாம்
அது மட்டும் லேசாக உப்பி அடங்கும்.

மார்ச்சில் போனேன்.
சோளத்தட்டை அழுகிக் கிடந்த வயல்கள், ஐம்பது மைல்,
சாலை முனையில் 'ஹேபெக் டயர்ஸ்'.
பெரிய உடம்பு. இடது கையால் நட்டுக் கழற்றினார்.
அட்டையை நீட்டினேன்.
நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி
முகத்தைப் பார்த்தார், திருப்பினார்,
முயலில் வந்து நின்றார்.
"தீனி வெச்சதெல்லாம் இவன் தங்கச்சி."
கொஞ்சம் கழித்து,
"எனக்குப் பதினோரு டாலர் தரணும்."

ஏன் போகவில்லை என்று கேட்கத்தான் வந்திருந்தேன்.
அதற்குள் என் வண்டியைச் சுற்றி நடந்து
குனிந்து தட்டிப் பார்த்துவிட்டார்.
"முன் டயர் ரெண்டும் மொட்டை.
இதுலயா இவ்வளவு தூரம் வந்தீங்க?"
மாற்றச் சொன்னேன். வேறென்ன சொல்ல?

மை இழுபட்ட, பின்னால் சாயும் எழுத்தில் ரசீது.
டயர் இரண்டு. கூலி அரை மணி நேரம்.
அடியில், அழுத்தி, ஆர். ஹேபெக்.

நாலாய் மடித்தால் உறைக்குள் கச்சிதமாய் உட்கார்கிறது.
கையெழுத்து வெளியே தெரியும்படி வைத்தேன்,
பெருவிரல் கிரீஸ் ரேகையும் சேர்த்து.
வைப்பதற்கு முன்
அந்தப் பதினோரு டாலரை என் தலையில் கட்டியிருக்கிறாரா என்று
ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

இல்லை.