எழுபத்தொரு கிலோ

இருபத்தாறு வருடமாய் எழுபத்தொரு கிலோ.
மருந்துக்கடைத் தராசில் இருபது காசு போட்டு
ஏறி இறங்கும்போதெல்லாம்
எனக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்.

அந்தத் தைரியத்தில்தான்
பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.
ஒரே மாதத்தில் இரண்டு முறை விழுந்திருந்தேன்,
இரண்டு முறையும் சமதரையில்.

"ஜாங்கான் கெராக், பக்சிக்" என்றாள் மலாய்ப் பெண்.
அசையக் கூடாதாம்.
ஏழு நிமிடம் இயந்திரத்தின் கையொன்று
தொடாமல் என்மேல் ஊர்ந்தது.
ஜெலுத்தோங் அடுக்குமாடிகளில்
லிப்ட் கெட்ட நாளிலும் பதினோரு மாடி
தோளில் கேஸ் தோம்பு ஏற்றியவனுக்கு
சும்மா கிடப்பதுதான் பெரும்பாடு.

திரையில் நான் வந்தேன்.
எலும்பு வெள்ளை, தசை சிவப்பு, கொழுப்பு மஞ்சள்.
வயிற்றில் மஞ்சள், அது தெரிந்த கதை.
தொடைக்குள்,
கால்சட்டை தொளதொளக்கும் இந்தத் தொடைக்குள்
எப்போது வந்து குடியேறியது?

"எடை ஏறலையே டாக்டர்."
லோஷினி டாக்டர் முப்பத்தெட்டு சதவீதத்தைப்
பேனாவால் வட்டமிட்டார்.
"ஏறலை அங்கிள். உள்ளே ஆள் மாறிப்போச்சு."

தோம்பை லேசாய்ச் சாய்த்துப் பார்த்தே சொல்வேன்:
இன்னும் நாலு நாள் எரியும்,
அஞ்சாம் நாள் கூப்பிடுங்கக்கா.
ஒருநாளும் தப்பியதில்லை.
என்னைத்தான்
சாய்த்துப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

மாத்திரை எழுதவில்லை.
முட்டை, பருப்பு, மீன்,
பிறகு ஒரு நாற்காலி:
கை ஊன்றாமல் ஐந்து முறை எழ வேண்டும்.

இன்று காலை ஆயர் ஈத்தாம் கோப்பிக் கடையில்
சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி.
எழுந்தேன்.
கிளம்புகிறேன் என்று நினைத்து
"ஒரு வெள்ளி எண்பது" என்றான் தவுக்கே ஆ கியோங்.
உட்கார்ந்தேன்.
மறுபடி எழுந்ததும்
கழிவறை பின்னால் என்று கை காட்டினான்.
மூன்றாவதில் என் கை
மேசை விளிம்பைத் தேடிப் போனது,
திருடனைப் பிடிப்பதுபோல் பிடித்து இழுத்துக்கொண்டேன்.
நான்காவதில் முழங்கால் ஆடியது,
மேசையில் இடித்து
தட்டில் கொஞ்சம் கோப்பி சிந்தியது.

ஐந்தாவது பாக்கி.
போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்றிருந்தேன்.

வாசலில் லாரி வந்து நின்றது.
வங்காளதேசத்துப் பையன் ஒருவன்
தோளில் தோம்போடு உள்ளே வருகிறான்.
நிறைந்த தோம்பு, நடையிலேயே தெரிகிறது.
சந்து குறுகல்,
என் நாற்காலி குறுக்கே.

வழிவிட வேண்டும்.
எழுந்தேன்.