மூலைமட்டம்

பேகூர் தாண்டி முப்பதுக்கு நாற்பது மனை.
ஈசானிய மூலையில் ஐயர் தேங்காயோடு நிற்கிறார்.
"மேஸ்திரி எங்கே?" என்றார் சுப்ரீத்.
டேப்பின் அந்த முனையில் பச்சையப்பன்.
அவனைத்தான் பார்த்துக் கேட்டார்.
அவன் என்னைப் பார்த்தான்.

தென்மேற்கில் முளை அடித்து
ஒரு கயிற்றில் மூன்றடிக்குச் சாக்பீஸ் கோடு,
மறு கயிற்றில் நான்கடிக்கு.
கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே
ஐந்தடி வந்தால் மூலை சுத்தம்.
ஒன்பதாம் வகுப்பில் மிஞ்சியது இவ்வளவுதான்,
மற்றதெல்லாம் சிமெண்டில் கரைந்துவிட்டது.

நாலடி பத்தே முக்கால் அங்குலம்.

இழுத்துப் பிடிடா என்றேன்.
இழுத்தான்.
அதே பத்தே முக்கால்.

முப்பதைச் சதுரமாக்கு, நாற்பதைச் சதுரமாக்கு,
கூட்டு, மூலம் எடு:
சில்லறையில்லாமல் ஐம்பது.
இந்த ஊரில் முதலில் மனை வெட்டியவன்
யாரோ மேஸ்திரிமேல் இரக்கப்பட்டவன்.
குறுக்கே நடந்தோம், முள்ளையும் பீர் பாட்டிலையும் தாண்டி.
ஒரு குறுக்கு நாற்பத்தொன்பது.
மறு குறுக்கு ஐம்பத்தொன்றுக்கு இரண்டு நூல் குறைவு.
ஒருவன் குனிந்தால் ஒருவன் நிமிர்கிறான்.

"எவ்வளவு நிலம் போச்சு?"
அனகா போனில் தட்டிப் பார்த்தாள்.
"ஒரு சதுர அடி."
சிரித்துவிட்டார். "அவ்வளவுதானே, பூசையை ஆரம்பிங்க."

நிலம் போகவில்லை சார், மூலை போயிருக்கிறது.
சுவரைக் கல்லோடு சேர்த்து எழுப்பினால்
கடைசி வரிசை டைல்ஸ் ஒவ்வொன்றும்
தர்பூசணிக் கீற்றாக அறுபடும்.
பீரோ சுவரோடு சேராது.
கட்டிலுக்குப் பின்னால் ஒரு சந்து,
தலைமாட்டில் உள்ளங்கை, கால்மாட்டில் விரல்.
விழுந்த சீப்பை எடுக்கும்போதெல்லாம்
என்னைத் திட்டுவீர்கள்.

சிரிப்பு நின்று, பக்கத்து மனைச் சுவர்மேல் கண் போனது.
"கல்லை நகர்த்திட்டானா?"
பக்கத்து மனையையும் அளந்தேன். நாற்பத்தொன்பது.
அதற்கடுத்ததும் நாற்பத்தொன்பது.
ஒன்பது மனை, ஒன்பதும் ஒரே பக்கம் நொண்டி.
யாரும் திருடவில்லை.
இந்தத் தெரு முன்பு ஏரிக்கரை.
தண்ணீர் மூலைமட்டம் வைத்துப் படுக்காது.
கரை போன போக்கில் ரோடு,
ரோடு போன போக்கில் உங்கள் முப்பது.

வீட்டை நேராக நிறுத்துவோம் என்றேன்.
மிச்சத்தை ரோட்டுக்கு விடுவோம்,
முன்னால் ஒரு சாய்வுத் துண்டு, பின்னால் ஒன்று.
சாய்ந்த பக்கம் முப்பது. அகன்ற முனை பதினைந்து அங்குலம்.
முன்சுவர் எவ்வளவு?
நடுவில் ஜல்லிக் குவியல், டேப் போகாது.
போக வேண்டாம்.
இரண்டு பக்கம் பிடிபட்டால் மூன்றாவது எங்கே ஓடும்?
நீளமானது கையில் இருந்தால் கூட்டக்கூடாது, கழிக்கணும்.
இங்கேதான் பச்சையப்பன் எப்போதும் வழுக்குவான்.
தொள்ளாயிரத்தில் ஒன்றரைக்குச் சற்று மேல் போக,
முப்பதடிக்கு இரண்டரை நூல் குறைவு.
சிமெண்ட் பையின் முதுகில் எழுதிக் காட்டினேன்.
அனகா போனில் போட்டுப் பார்த்தாள்,
திருப்பி ஒருமுறை போட்டாள்.
பிறகு பையைக் கிழித்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.
ஐயர் மணியைப் பார்த்தார்.

மறு ஆண்டு அதே தெருவில் வேறு வேலை.
நின்று பார்த்தோம்.
அகன்ற முனையில் கேஸ் சிலிண்டர்.
அதையடுத்துத் துளசித் தொட்டி,
பிள்ளையின் செருப்பு, நிறுத்தி வைத்த குடை,
ஒரு துடைப்பம்,
அப்புறம் எறும்பு.
யாரும் அளந்து அடுக்கியிருக்க மாட்டார்கள்.

பச்சையப்பன் குனிந்து
கடைசி முனையில் டேப்பின் நாக்கை நுழைத்துப் பார்த்தான்.
நுழையவில்லை.