மூன்றாம் எண் கட்டில்

பேரென்ன என்றேன்.
"சேர்வராயன்."
கேட்டால் மலையின் பேரைச் சொல்கிறாரே,
குழப்பம் என்று சீட்டில் எழுதப் போனேன்.
"அது அவரு பேருதாங்க"
ஆதாரை நீட்டினாள் வெள்ளச்சி.
எழுதியதை அடித்தேன்.

பதிமூணாம் வளைவில் சறுக்கிய வண்டி.
ஹெல்மெட் இருந்தது,
பெட்ரோல் டேங்கின் மேல், கீறல் இல்லாமல்.
ஸ்கேனில் கசிவில்லை. காதோரம் ஏழு தையல்.

"பின்னாடி கட்டுன பலாப்பழம் எங்க சிஸ்டர்?"
உடைஞ்சு போச்சுங்க.
முகம் விழுந்தது.
நாலு நிமிஷத்தில் மறுபடி,
"பலாப்பழம் எங்க?"
புதிதாக விழும் அதே முகம்.
பதினோராம் தடவை பொய் சொன்னேன்:
வெளியே பத்திரமா இருக்கு.
சிரித்தார். அதையும் மறந்தார்.

மணிக்கொரு முறை கண்ணில் டார்ச்.
பாவை இரண்டும் சமமாய்ச் சுருங்கின.
பக்கத்துக் கட்டில் லாரி கிளீனர்
கடைசிவரை தன் பேரைச் சொல்லவில்லை.
இரண்டரைக்கு விரிப்பை மாற்றினோம்.

ஏற்காட்டுக்கு முதல் பஸ் கிளம்பும் நேரம்,
"சிஸ்டர், பலாப்பழம்..."
நிறுத்தி, நெற்றி சுருக்கி,
"இத முன்னாடியே கேட்டனா?"

கேட்டீங்க, என்றேன்.
நான் ஏன் சிரிக்கிறேன் என்று
வெள்ளச்சிக்கு விளங்கவில்லை.

உடைஞ்சு போச்சுங்க, என்றேன்.
முகம் விழுந்தது.
விழுந்த இடத்திலேயே இருந்தது.