இருபது கொண்டை ஊசி

ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில்
என் இடக்கையும் கரியராமனின் வலக்கையும்
ஒரே விலங்கில்.
எஸ்டேட் களத்து மிளகு, மூன்று கிலோ.
வளைவுக்கு வளைவு என்மேல் சாய்கிறான்,
"மன்னிச்சுக்குங்க ஏட்டய்யா."
பத்தாவது வளைவோடு நிறுத்திக்கொண்டான்,
மன்னிப்பை. சாய்வதை அல்ல.

அஸ்தம்பட்டி சிக்னலில் அந்த வங்கி.
ஷட்டரில் அரக்குச் சீல்.
மார்ச்சில் முழுகியது.
ஜனவரியிலேயே மேலிருந்தவர்களுக்கு
ஆளுக்கு முப்பது லட்சம் போனஸ்;
டீக்கடையில் யாரோ சத்தமாகப் படித்துவிட்டு
பேப்பரைக் கசக்கி எறிந்தார்.

"என் நாலாயிரம் இதுலதான் கெடக்கு."

என் மகள் பெயரிலும் ஒரு ரசீது உண்டு.
சொல்லவில்லை.

"அவங்களுக்கு என்ன செக்‌ஷன் ஏட்டய்யா?"

பதினெட்டு வருஷமாக எஃப்.ஐ.ஆர். எழுதுகிறேன்.
தலையைச் சொறியக் கையைத் தூக்கினேன்.
அவன் கையும் கூடவே வந்தது.