பூஜ்யம்

பென்சில்வேனியாவில், ஆலை மூடிய ஆற்றோர ஊரில்
வரி மதிப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் ஜன்னல்
வெர்னா ஹ்ரூஷ்காவினுடையது.
பத்தொன்பது வருடமாக
வீடுகளுக்கு எண் எழுதுகிறாள்.
கூரை புதிதா, பின்கட்டில் கொட்டகை உண்டா,
குளியலறை ஒன்றா, ஒன்றரையா.

பழைய தளவாடக் கடை இருந்த இடம் நான்கு ஏக்கர்.
கடை இருந்தவரை வருடத்துக்கு நாற்பத்தோராயிரம் டாலர்,
முணுமுணுத்துக்கொண்டாவது கட்டினார்கள்.
போன வசந்தத்தில் ஒரு சபை வாங்கியது.
கூரைமேல் சிலுவை ஏறிய மாதம்
அந்த வரிசையில் வெர்னா எழுதினாள்:
பூஜ்யம்.

நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம்.
ஒன்றுமில்லாதது,
வணங்கத் தக்கது.
அவள் மொழியில் அது வெறும் வட்டம்.

வட்டம் சும்மா இருப்பதில்லை.
டிசம்பரில் மூன்றுக்கு ஒன்றாகத் தெருவிளக்கை அணைத்தார்கள்.
இரவு ஆம்புலன்ஸ் இனிப் பக்கத்து ஊரிலிருந்து,
பதினெட்டு நிமிடம், பனி இல்லாவிட்டால்.
வெர்னாவின் வீட்டுக்கே இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் ஏறியது.
அந்த நோட்டீஸை அவளே அச்சடித்து
அவளே உறையிலிட்டு
அவளே தன் முகவரியை ஒட்டினாள்.

நியாயமும் சொல்ல வேண்டும்.
வியாழன்தோறும் சபையார் நூற்று நாற்பது பெட்டி தருகிறார்கள்,
அரிசி, பீன்ஸ், டப்பா மீன்.
அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர்
இங்கே இவள் ஜன்னலிலும் நிற்பவர்கள்.
யார் கடைத் தேங்காய், எந்தப் பிள்ளையாருக்கு
என்று கேட்க அந்த ஊரில் பழமொழி இல்லை.

ஊர் மன்றம் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தது:
விருப்பமிருந்தால், இயன்றது,
சாலைக்கும் தீயணைப்பு வண்டிக்கும்.
நான்கே நாளில் பதில், கெட்டித் தாளில்:
உங்களுக்காக ஜெபிக்கிறோம்.
கூடவே ஓர் ஆப்பிள் கேக்.
கேக் நன்றாகத்தான் இருந்தது.
எல்லோரும் இரண்டாம் துண்டு எடுத்தார்கள், வெர்னா உட்பட.

மறுநாள் செவ்வாய், ஆர்லோ பென்ஸ் வந்தார்,
வலது கையில் இரண்டு விரலை ஆலைக்குக் கொடுத்தவர்.
மீதி விரல்களால் நோட்டுகளை எண்ணி வைத்தார்,
கடைசி ஆறு டாலர் சில்லறையாக.
"இதில் எவ்வளவு என் வீட்டுக்கு?"
கோபமில்லை. ரொட்டிக் கடையில் விலை கேட்பதுபோல.
வெர்னா திரையைப் பார்த்தாள்.
திரையில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளும் அந்தச் சபைக்குத்தான் போகிறாள்.
அவள் அம்மா செத்த வாரம்
கேட்காமலே வந்து பாத்திரம் கழுவியவர்கள் அவர்கள்.
கிட்டார் தொடங்க, காணிக்கைத் தட்டு நகர்கிறது.
முன்வரிசையில் ஆர்லோவின் பிடரி.
அவரும் எதையோ போடுகிறார்.

செவ்வாய்க்கிழமை ஜன்னலில் வந்து போனதும்
இதே தட்டுதான்,
பாட்டு மட்டும் இல்லை.

தட்டு அவள் மடிக்கு வந்துவிட்டது.
பத்து டாலர் நோட்டு உள்ளங்கையில் ஈரமாகிறது.
பக்கத்து நாற்காலிக்காரர்
கையை நீட்டியபடி
காத்திருக்கிறார்.