எலப்புள்ளி, வயது 46

பெயரை அழித்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.
யாரோ துடைக்க மறந்த மூலையில்
இவ்வளவு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது:
பெண், நாற்பத்தாறு, எலப்புள்ளி.

அவள் மண்டைக்குள் ஓடும் ரத்தத்தை
நான் கஞ்சிக்கோட்டில் ஓட்டிப் பார்க்கிறேன்,
இரும்பாலைப் புகைக்கு ஜன்னலைச் சாத்திய மூன்றாம் மாடியில்.
எலும்பைக் கழித்து, சதையைக் கழித்து,
குழாய்களை மட்டும் எடுத்து
நாற்பது லட்சம் துண்டாக நறுக்கி
ஒவ்வொன்றிடமும் கேட்கிறேன்:
என்ன வேகம், என்ன அழுத்தம்?
துண்டு தன் பக்கத்துத் துண்டைக் கேட்டுச் சொல்கிறது.

கழுத்தில் ஒரு வெட்டு, நெற்றிக்குள் இன்னொன்று.
வெட்டிய இடத்தில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று
நானேதான் எழுதித் தரவேண்டும்.
எல்லை நிபந்தனை என்று அதற்குப் பெயர்.
ரிஞ்சு சிரிப்பாள்:
"நம்ம வாளையார் செக்போஸ்ட் தன்னே."

ஒரு துடிப்புக்கு ஒன்பது மணி நேரம்.
சர்வர் அறையில் ஏசி இரைய இரைய
ஒரே ஒரு துடிப்பு.
அதற்குள் எலப்புள்ளியில் அவள்
முப்பத்தெட்டாயிரம் முறை துடித்து,
சோறு வடித்து, யாரையோ ஏசி,
தூங்கியும் போயிருப்பாள்.

நெற்றிக்குப் பின்னால் இரு தமனிகள்
கைகோத்துக்கொள்ளும் இடத்தில் குமிழ்.
ஆறு மில்லிமீட்டர். பச்சைப் பட்டாணி.
வலது கிளை படத்தில் இல்லை.
மெல்லிய குழாயை ஸ்கேன் தவறவிடுவது வழக்கம்.
எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்:
இடதைப் பார்த்து வலதை வரைந்தேன்.
கணக்கு ஒரு முனகலும் இல்லாமல் முடிந்தது.
குமிழின் வாயில் நீலம்.
அந்த நீலத்தைப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

காலையில் போனில் டாக்டர் ஷைனி:
"வலது பக்கம் யார் போட்டது?
அங்கே ரத்தக்குழாயே கிடையாது.
பிறந்ததிலிருந்து கிடையாது."

போன ஆடியில்
வாளையார்ப் பாலத்தருகே டேங்கர் கவிழ்ந்து
இரண்டு நாள் சாலை அடைத்தது.
வெங்காயம், சிமெண்ட், கோழிக்குஞ்சு எல்லாம்
வேலந்தாவளம் வழியாகத் திரும்பின.
மாட்டுவண்டி அகலத் தெருவில் பதினாறு சக்கரம்.
திருப்பத்தில் ஒரு சுவர்,
யார் வீடோ, மஞ்சள் பூச்சு.
முதல் நாள் கீறல் விட்டது.
மறுநாள் வயிறு தள்ளி நின்றது.
யாரும் அதை இடிக்கவில்லை.
எல்லோரும் அங்கே திரும்பினார்கள், அவ்வளவுதான்.

நாற்பத்தாறு வருடமாக
அவளுக்குள் வாளையார் இல்லை.

வரைந்ததை அழித்தேன்.
இன்னொரு ஒன்பது மணி நேரம்.
இரு பக்கத்துக்குமான ரத்தம்
இடது வழியே மட்டும் வந்து
திருப்பத்துச் சுவரைக் குத்துகிறது.
நீலம் கிடந்த இடத்தில் சிவப்பு.
நாலு பாஸ்கல் பத்தொன்பது ஆகியிருந்தது.
"படம் நல்லா வந்திருக்கு" என்றாள் ரிஞ்சு.
நல்லாத்தான் வந்திருந்தது.

அறிக்கையில் எழுதினேன்:
சுவரின் தடிமன் தெரியாது,
எங்கும் ஒன்றே என்று கொண்டோம்.
சுவர் அசையாது என்று கொண்டோம்.
ரத்தம் கெட்டியாவதும் இளகுவதும் இல்லை என்று கொண்டோம்.
எப்போது என்ற கேள்விக்கு
இந்தக் கணக்கில் விடை இல்லை.
அனுப்பியாயிற்று.
ஷைனியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

சாயங்காலம்
கொழிஞ்சாம்பாறை பஸ் எலப்புள்ளியில் நிற்கும்போது
ஏறும் பெண்களின் நெற்றியைப் பார்க்கிறேன்.
வியர்வை, சந்தனம், ஒட்டிய முடி.
ஒன்றும் தெரிவதில்லை.
சில்லறைக்குக் கண்டக்டரோடு ஒருத்தி சண்டை பிடிக்கிறாள்.
குரல் ஏற ஏறக் கழுத்து நரம்பு புடைக்கிறது.
இடது பக்கம்.
"விடுங்கக்கா" என்று
ஐந்து ரூபாயை நான் நீட்டுகிறேன்.

"உனக்கென்ன?" என்கிறாள்.
நான் கையை மடக்காததைப் பார்த்து
"நினக்கெந்தா?" என்கிறாள்.